முதுகு ஒடிந்த பக்கம்

டெல்மஸ் மம்பவரின் முதுகு ஸ்டேட் தெருவின் வடக்குப் பக்கத்தில் ஒடிந்ததா, தெற்குப் பக்கத்தில் ஒடிந்ததா என்பதுதான் வழக்கு. ஒடிந்ததில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஸ்கேன் இருக்கிறது. முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு ஆபரேஷன் தழும்பு இருக்கிறது. வாலிப வயதிலிருந்து செங்கல் அடுக்கிய மனிதர் இன்று கக்கூஸுக்குப் போகக்கூட மனைவியின் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதெல்லாம் போதாதாம். எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமாம்.

எங்கள் பிரிஸ்டல் ஊரின் கடைத்தெருவில் மாநில எல்லை நட்ட நடுவே ஓடுகிறது. வடக்கு நடைபாதை வர்ஜீனியா, தெற்கு நடைபாதை டென்னஸி. நடுவில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது கண்ணிலேயே படாது. வடக்கே முடி வெட்டிக்கொண்டு தெற்கே கேக் தின்னுகிற ஜனங்கள் நாங்கள். சட்டம் என்கிற ஒன்று அந்தத் தகடு வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போய்விடுகிறது என்பது, அடிபட்டுப் படுக்கையில் விழும்வரை எங்களில் யாருக்கும் தெரியாது.

டெல்மஸின் மனைவி ஒலீட்டாவுக்கு அதைத் தெரியவைத்தவள் வக்கீல் கெசையா. தெற்குப் பக்கத்தில், முன்பு செருப்புக் கடை இருந்த இடத்தில் ஆபீஸ் போட்டிருந்தாள். அவள் பிறந்த வீட்டின் புகைபோக்கியைக் கட்டியவர் டெல்மஸ். அந்த உரிமையில் கேஸை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒலீட்டாம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. லாரிக்காரன் போனப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்னு அவனே ஒத்துக்கிட்டான். அதுல தகராறே இல்ல. ஆனா ஐயா வண்டியப் பாதி ரோட்டுல விட்டு நிறுத்தியிருந்தாரு. அது நம்ம பக்கத் தப்பு. சின்னத் தப்புதான், நூத்துக்குப் பத்துன்னு வைங்க."

"எதுத்தாப்புல பிணம் போச்சும்மா. நிக்காம என்ன பண்ணுவாரு?"

"எனக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாதே. எதிர்ல வர்ற சவ ஊர்வலத்துக்கு நின்னுதான் ஆகணும்னு எந்தப் புஸ்தகத்துலயும் எழுதல."

"சரி, அந்தப் பத்தக் கழிச்சுட்டு மிச்சத்தக் குடுக்கட்டும்."

"தெக்குப் பக்கம்னா அப்படித்தான். நம்ம தப்பு பாதிக்கும் கீழ இருந்தா, அதக் கழிச்சுட்டு மிச்சத்தக் குடுத்தாகணும். வடக்குப் பக்கம்னா, நம்ம மேல கடுகளவு தப்பு இருந்தாலும் ஒண்ணுமே கிடையாது."

"ஒண்ணுமேன்னா?"

"ஒண்ணுமே. இதே முதுகு தெக்கு நடைபாதையில நாலு லட்சம் டாலர் பெறும். வடக்கு நடைபாதையில அதை வச்சு ஒரு நாய்க்குடில்கூட வாங்க முடியாது."

ஒலீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள் அவள். ஒரே அண்டாவில் காய்ச்சிய சூப்பை இந்த மேஜையில் ஊற்றினால் விருந்து, அந்த மேஜையில் ஊற்றினால் கழுநீர் என்று யாராவது சொன்னால் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்தாள். கெசையா சேர்ந்து சிரிக்கவில்லை. அப்போதுதான் ஒலீட்டாவின் சிரிப்பு நின்றது.

ஏனென்றால் அந்தப் பணம் வந்தால்தான் இரண்டாவது ஆபரேஷன். முதல் ஆபரேஷனுக்கு அவளுடைய பள்ளிக்கூட இன்ஷூரன்ஸ் கொடுத்தது. இரண்டாவதற்குக் கையை விரித்துவிட்டது. அதைச் செய்தால் பிடிமானம் இல்லாமல் எழுந்து நிமிர்ந்து நிற்கலாம், சின்னதாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செய்யாவிட்டால் இப்படியே, போகப் போக இதைவிட மோசம். ஒலீட்டா கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: அந்த மனுஷன் ஒரு நாளாவது தானாக எழுந்து நிற்க வேண்டும்.

விபத்து நடந்தது ஒரு சனிக்கிழமை. சர்ச் சபைக் கூடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே போகிற வண்டிகளுக்குத் தெருவின் தெற்குப் பாதி, மேற்கே போகிற வண்டிகளுக்கு வடக்குப் பாதி. அவர்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அதாவது தெற்கே, டென்னஸியில், நாலு லட்சம் டாலர் பக்கத்தில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஒலீட்டாவுக்கு முட்டைத் தட்டு ஞாபகம் வந்தது. கடுகு சேர்த்து மசித்த முட்டை வைக்கிற கண்ணாடித் தட்டு, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குழி. அவள் அம்மாவுடையது. அதைச் சபைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு எடுத்துக்கலாமே" என்றார் டெல்மஸ்.

"நாளைக்குள்ள சபைல அந்தக் கார்னெட் கைல சிக்குச்சுன்னா அவ தட்டுன்னு சாதிப்பா. திருப்பு."

"ஒரு தட்டுக்கு இவ்வளவு பயமா?"

"தட்டுக்கு இல்ல, கார்னெட்டுக்கு. திருப்புன்னா திருப்பு."

திருப்பினார். இப்போது வண்டி மேற்கே பார்த்து, தெருவின் வடக்குப் பாதியில், வர்ஜீனியாவில். ஒரு தட்டுக்காக ஒரு மாநிலம் தாண்டினார்கள். அதற்குப் பிறகு ஒலீட்டா அந்தத் தட்டில் ஒரு முட்டைகூட வைக்கவில்லை. அலமாரியின் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எதிரே சவ ஊர்வலம் வந்தது. முன்னால் போலீஸ் வண்டி, அடுத்து கறுப்புப் பிண வண்டி, பின்னால் விளக்குப் போட்ட கார்கள். எங்கள் பக்கத்து மலை ஜனங்களுக்கு இது சொல்லித் தரவேண்டியதில்லை. எதிரில் பிணம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி நிற்க வேண்டும். யார் பிணம், எந்தச் சபை, நல்லவனா கெட்டவனா என்றெல்லாம் கேட்பது கிடையாது. முன்னால் போன இரண்டு வண்டிகளும் நின்றன. டெல்மஸும் ஓரம் கட்டினார். ஆனால் ஓரத்தில் கார்கள் நெருக்கியடித்து நின்றதால் பாதி வண்டி ரோட்டிலேயே இருந்தது. ஊர்வலம் போனதும் மறுபடி கிளம்ப வசதியாக ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

சந்துத் தெருவிலிருந்து மெத்தை ஏற்றிய லாரி ஒன்று திரும்பியது. ஓட்டியவன் ஒஹையோக்காரன். அவன் ஊரில் செத்தவனுக்காக யாரும் ரோட்டில் நிற்பதில்லையாம். நிமிர்ந்து பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். அவன் போனைக் குனிந்து பார்த்தபடியே வந்து பின்னால் மோதினான். ஒடித்து வைத்த சக்கரம் அல்லவா, கார் இடது பக்கமாகப் பாய்ந்து, பித்தளைத் தகட்டைத் தாண்டி, பிண வண்டிக்கும் அதன் பின்னால் வந்த குடும்பத்தாரின் காருக்கும் நடுவில் புகுந்து, தெற்கு நடைபாதை விளக்குக் கம்பத்தில் போய் இடித்தது.

ஆக இரண்டு இடி. முதல் இடி வர்ஜீனியாவில், இரண்டாவது டென்னஸியில். வந்த போலீஸும் இரண்டு. ஆம்புலன்ஸ் கதவு திறந்திருக்க, உள்ளே ஒரு மனுஷன் முனகிக்கொண்டிருக்க, வெளியே இரண்டு பேரும் இது உன் கேஸ், இது உன் கேஸ் என்று ஒருவருக்கொருவர் தாம்பூலம் நீட்டாத குறை. இறங்கி வந்து டெல்மஸின் தலையைத் தாங்கிப் பிடித்தது செத்தவர் வீட்டுப் பெண்தான். கறுப்புக் கவுன் போட்டிருந்தாள். தன் வீட்டுச் சாவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, யாரோ ஒருவரின் நெற்றி ரத்தத்தைத் தன் கையுறையால் துடைத்தாள். அவள் பெயரைக்கூட இவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

முதுகு எந்த இடியில் ஒடிந்தது? அது முதல் இடியில் என்றால் வடக்குச் சட்டம். கம்பத்தில் என்றால் தெற்குச் சட்டம். எலும்பு தான் ஒடிந்த நேரத்தைக் குறித்து வைப்பதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காருக்குள் இருந்த இரண்டு பேர் சொல்வதுதான் சாட்சி.

"நான் உங்களுக்கு இதச் சொல்லுங்க, அதச் சொல்லுங்கன்னு சொல்ல முடியாது" என்றாள் கெசையா. "சொன்னா என் வக்கீல் சன்னது போயிரும், அது போனாலும் பரவால்ல, அது தப்பு. ஐயாவுக்கு வலி எப்ப வந்துச்சுங்கறதுலதான் கேஸே நிக்குது. அத மட்டும் தெரிஞ்சுக்குங்க. ரெண்டு பேரயும் தனித்தனியாத்தான் விசாரிப்பாங்க. உங்களுக்குள்ள பேசி ஒத்திகை பாக்காதீங்க. பாத்தா அந்தக் கிழவர் மோந்தே கண்டுபிடிச்சுருவாரு."

அந்தக் கிழவர் என்றது லாரிக் கம்பெனியின் வக்கீல் புரூயிட்டை.

ஒலீட்டா சரி என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு வலி எப்போது வந்தது என்று நன்றாகத் தெரியும். முதல் இடிக்கும் கம்பத்துக்கும் நடுவில், கார் தெருவைக் கடந்துகொண்டிருந்த அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில், டெல்மஸ் அவளிடம் சொன்னார். கத்தவில்லை. வீட்டில் உப்புத் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"ஒலீட்டா, என் கால் ரெண்டும் போச்சு."

அதற்குப் பிறகுதான் கம்பம்.

அந்தச் சொல் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கெசையா தடுத்ததால் மட்டும் இல்லை. அந்த வீட்டில் பெரிய விஷயங்களைப் பேசிப் பழக்கமே இல்லை. பீன்ஸுக்கு உப்புப் போதுமா என்று பேசுவார்கள். நாய் ஏன் குரைக்கிறது என்று பேசுவார்கள்.

டெல்மஸ் எப்படிப்பட்டவர் என்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை, பாங்க் மேனேஜர் ஒருவருக்குத் தோட்டச் சுவர் கட்டினார். கட்டி முடித்து, பூசி, பணமும் வாங்கியாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் போய் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது என்று தானே இடித்தார். மேனேஜர் கையைப் பிடித்துக் கெஞ்சினாராம், நல்லாத்தான்யா இருக்கு விட்டுருய்யா என்று. இடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது டெல்மஸின் முகம் சாம்பல் பூத்திருந்தது. ராத்திரி சாப்பிடவில்லை. ஒலீட்டா அன்று வைத வசவு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். எங்கள் சபைகளில் வாத்தியம் கிடையாது. ஒருவர் எழுந்து நின்று ஒரு வரியை இழுத்துப் பாடுவார், மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. சபை அங்கத்தினர் யாராவது பொய் சொல்லிவிட்டால், ஏமாற்றிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மன்னித்தோம் என்று சபையார் ஒவ்வொருவராக வந்து கைகொடுப்பார்கள். கார்னெட்டின் புருஷன், இன்ஜின் போன டிராக்டரை நல்ல டிராக்டர் என்று விற்றுவிட்டு, அப்படி நின்று தேம்பித் தேம்பி அழுததை ஊரே பார்த்தது. டெல்மஸ் அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை.

அதனால் ஒலீட்டாவுக்கு ஒன்று நிச்சயம். டெல்மஸ் உள்ளதைத்தான் சொல்வார். பொய் சொல்ல வேண்டியது தன் பொறுப்பு. தட்டுக்காக வண்டியைத் திருப்பச் சொன்னவள் அவள்தானே. தப்பு நடந்த இடத்திலிருந்து அவரை வெளியே இழுக்க வேண்டியவளும் அவள்தான். இரண்டு சாட்சியில் ஒன்றாவது கம்பத்தின் பக்கம் நின்றால் கம்பெனிக்காரனுக்குப் பயம் வராதா, பாதியாவது தரமாட்டானா என்று கணக்குப் போட்டாள். அடிபட்டவருக்கு அந்த நேரத்தில் நினைவு குழம்பியிருக்கும் என்று கெசையா வாதாடிக்கொள்ளட்டும்.

ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டியிருக்கிறது. விசாரணைக்கு முந்தின சாயங்காலம், தொட்டியில் சோள ரொட்டி வாணலியைத் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். கூடத்தில் டெல்மஸ் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார், டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பத்துல மோதற வரைக்கும் அவருக்கு ஒண்ணுமில்ல."

குரல் நடுங்கியது. மறுபடி சொன்னாள்.

"கம்பத்துல மோதற வரைக்கும் அவரு நல்லாத்தான் இருந்தாரு. உனக்கு ஏதும் அடியான்னு என்னயக் கேட்டாரு. அப்புறந்தான் கம்பம்."

கொஞ்சம் பரவாயில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். இப்போது தனக்கே நம்பும்படி இருந்தது. தனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

மறுநாள் கெசையாவின் ஆபீஸ். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் சாட்சியை இங்கேதான் எழுதி எடுப்பார்கள். முதலில் டெல்மஸை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள். ஒலீட்டா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக அந்த விளக்குக் கம்பம் தெரிந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டிருந்தார்கள். மற்றக் கம்பங்களெல்லாம் பெயின்ட் உரிந்து நிற்க, இது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. கம்பத்துக்கு ஒரே வாரத்தில் நஷ்டஈடு கிடைத்துவிட்டதாம். அது நின்ற இடம் அப்படி.

கதவு திறந்தது. டெல்மஸ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு, கூன் விழுந்த முதுகோடு, கெசையா தோளைத் தாங்கிப் பிடிக்க வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒலீட்டாவைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பத்தைப் பார்த்தார்.

"தண்ணி வேணுமா?" என்றாள் ஒலீட்டா.

"வேணாம். நீ போ. கூப்பிடறாங்க."

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். சுவரை இடித்துவிட்டு வந்த அன்று பார்த்த அதே சாம்பல் முகம். சொல்லிவிட்டார், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, தன் ஆபரேஷனைத் தானே இடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

பெஞ்சிலிருந்து அந்த அறைவரை நடப்பதற்குள் ஒலீட்டாவின் கணக்கெல்லாம் கலைந்துவிட்டது. வீட்டில் வாணலி தேய்க்கும்போது சுலபமாக இருந்தது. இப்போது அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு மாதிரி தெரிந்தது. அவர் ஒன்று சொல்லி, தான் ஒன்று சொன்னால், இரண்டில் ஒருவர் பொய்யர் என்று ஆகும். புரூயிட் மாதிரி ஆட்கள் அதை டெல்மஸ் பக்கம் திருப்பினால்? அடிபட்ட மனுஷனுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு பெயர்தானே. முதுகை லாரிக்காரன் எடுத்துக்கொண்டான். பெயரையும் பெண்டாட்டியே எடுக்கவேண்டுமா?

புரூயிட் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நரைத்த, மரியாதையான மனிதர். தட்டச்சு செய்கிற பெண் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒலீட்டா கையைத் தூக்கி உண்மையே சொல்வதாக உறுதி சொன்னாள்.

"மேடம், அன்னிக்கு ஏன் வண்டிய நிறுத்தினாரு உங்க வீட்டுக்காரர்?"

"பிணம் போச்சு."

"யாரோட பிணம்?"

"தெரியாது."

"தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கன்னாதான் நிக்கணும்னா, ஊர்ல பாதிப்பேரு அநாதையாத்தான் போகணும்."

புரூயிட்டின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "எங்கம்மாவும் நிறுத்தச் சொல்லுவாங்க மேடம்" என்றார். பிறகு குரல் மாறாமலே அடுத்ததைக் கேட்டார்.

"லாரி மோதினதுக்கு அப்புறம், கம்பத்துல இடிக்கறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுக்காரர் ஏதாவது பேசினாரா?"

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் காத்துக்கொண்டிருந்தன. தொட்டி முன்னால் பழகிய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே சாம்பல் பூத்த அந்த முகமும் வந்தது.

"பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒலீட்டா, என் கால் ரெண்டும் போச்சுன்னாரு."

"கம்பத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

கெசையாவின் பேனா நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புரூயிட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை.

"அவ்வளவுதான் மேடம். ரொம்ப நன்றி."

வெளியே வந்ததும் கெசையா அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். டெல்மஸை ஆபீஸ் உதவியாளன் ஏற்கெனவே காரில் ஏற்றிவிட்டிருந்தான்.

"ஒலீட்டாம்மா, ஐயா உள்ள என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீதானம்மா பேசிக்காதீங்கன்ன. ஏன், என்ன சொன்னாரு?"

"கம்பத்துல மோதற வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன்னாரு. உனக்கு ஏதும் அடியான்னு உங்களக் கேட்டதாச் சொன்னாரு. அப்புறந்தான் கம்பம்னாரு."

ஒலீட்டாவுக்குச் சுவர் தேவைப்பட்டது. சாய்ந்துகொண்டாள். அது அவளுடைய வாக்கியம். ஒரு சொல்கூட மாறாமல் அவளுடைய வாக்கியம்.

"இப்ப என்ன ஆகும்?"

"அவரு சொன்னது பொய்யின்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி கோர்ட்டுல ஜூரி நடுவர்கள் முன்னாடி அவரு எதச் சொன்னாலும் எடுபடாது. வடக்குப் பக்கந்தான். இனிமே கம்பெனிக்காரன் ஏதாவது தூக்கிப் போட்டாலும், அது ஆஸ்பத்திரில கார் நிறுத்தற கட்டணத்துக்குத்தான் காணும்." கெசையாவின் கண் கலங்கியிருந்தது. வக்கீலாக இருப்பதை அவள் அன்று வெறுத்தாள் என்று நினைக்கிறேன். "நான் உங்க மேல கோவிச்சுக்கல ஒலீட்டாம்மா. எப்படிக் கோவிச்சுக்க முடியும்? நீங்க உள்ளதச் சொன்னீங்க."

உள்ளதைச் சொன்னாள். ஊர் உலகத்தில் உள்ளதைச் சொன்னவர்களுக்குக் கிடைக்கிற பரிசு அவளுக்கும் கிடைத்தது.

கார் தெற்கு நடைபாதையை ஒட்டி நின்றது. ஒலீட்டா ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருகவில்லை. டெல்மஸ் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"எது?"

"உள்ளது."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைதிருந்தால் திருப்பி வைதிருப்பாள், மனம் ஆறியிருக்கும்.

"பாவி மனுஷா" என்றாள். "ஒரு செங்கல் சாஞ்சா சுவரையே இடிக்கற ஆளு நீ. நீ போய் எதுக்குப் பொய் சொன்ன? நீ பொய் சொல்லமாட்டன்னு நினைச்சுத்தான நான் உள்ளதச் சொல்லித் தொலச்சேன்."

"நீ தொட்டிகிட்ட சொல்லிப் பாத்தது கேட்டுச்சு."

"டிவி ஓடிச்சே."

"சத்தத்தக் குறைச்சுட்டேன். மூணாவது தடவ சொன்னப்ப நல்லாச் சொன்ன." தொப்பியை மடியில் திருப்பி வைத்தார். "நான் உள்ளதச் சொன்னா நீ மட்டும் பொய்க்காரியா நிப்பியே. எனக்காகத்தான சொல்லப்போற. உன்னயத் தனியா விடவேணாம்னு தோணிச்சு."

ஒலீட்டா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். டெல்மஸால் உடம்பைத் திருப்ப முடியாது. அதனால் எட்டிய மட்டும் கையை நீட்டி, அவள் சட்டையின் முழங்கைத் துணியைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஆட்கள் பித்தளைத் தகட்டை மிதித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே போனான்.

அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். வீட்டுக்குப் போகவேண்டும். அவரை இறக்க வேண்டும், படியேற்ற வேண்டும், படுக்கவைக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு, இனி எல்லா நாளும் அவள்தான். சாவியைத் திருகினாள்.

"ஒலீட்டா."

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை சபைல சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"கையத் தூக்கி உண்மை சொல்றேன்னுட்டுப் பொய் சொன்னேன்ல. எழுந்து நின்னு சொல்லணும்."

ஒலீட்டா அவரைப் பார்த்தாள். சபையில் அவருடைய இடம் முன்வரிசை. பாட்டு எடுத்துக் கொடுத்த இடம். இப்போதெல்லாம் சக்கர நாற்காலியை அங்கே நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவாள்.

"உன்னாலதான் தனியா நிக்க முடியாதே டெல்மஸ்."

"நீ பிடிச்சுக்க" என்றார்.